கோடிக்கரை மணலில் ஒரு நடைப்பயணம்



தஞ்சைத் தரணியில் பிறந்த நமக்கு நீர் என்றால் ஆறும் வாய்க்காலுமே நினைவுக்கு வரும். மேட்டூர் திறந்தாயிற்றா, கல்லணைக்கு நீர் வந்ததா என்பதே கோடைதோறும் நம் பேச்சு. ஆனால் அந்தக் காவிரியின் கைக்கு எட்டாத ஒரு முனை, நம் சமவெளியின் தென்கிழக்கே இருக்கிறது. அதுவே கோடிக்கரை. ஒருபுறம் வங்கக் கடல். ஒருபுறம் பாக்கு நீரிணை. மற்றொரு பக்கம் வேதாரண்யத்துப் பெரும் உப்புச் சதுப்பு. நடுவே மணல்மேடுகள். அம்மணலின் மேல் பசுமையான காடு!

முப்பது ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்தில், பத்துப் பன்னிரண்டு மாணவர்களுடன் அக்காட்டு வழியே நடந்தேன். வெளிமானைக் காப்பதற்கென 1967-இல் சரணாலயமாக்கப்பட்ட இடம் அது. கலைமான்கள் கறுத்த முதுகும் முறுக்கிய கொம்புமாகப் புல்வெளியில் நின்றன. சதுப்பின் தொலைவில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தன. பாலை என்றதும் வறண்ட நிலம் என்று இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். இங்கோ பாலை என்பது ஆண்டு முழுதும் இலை உதிராமல் நிற்கும் ஒரு மரத்தின் பெயர். இராமர் பாதம் என்னும் மேடுதான் அப்பகுதியின் சிகரம். மலையேறும் ஆசையோடு சென்றவர்கள் ஏமாந்தார்கள்!

நண்பகலில் கொண்டுசென்ற தண்ணீர் தீர்ந்தது. பிழை என்னுடையது, கணக்கிட்டு எடுத்துவரவில்லை. "சுற்றிலும் உப்பு, இங்கே குடிநீர் கிடைக்காது" என்று ஆசிரியத் தோரணையில் கூறினேன். வேதாரண்யத்தில் உறவினர் உள்ள ஒரு சிறுவன், "ஐயா, தோண்டிப் பார்க்கலாமா?" என்றான். காட்டின் எல்லைக்கு வெளியே, இரு மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில், கொட்டாங்கச்சியால் மணலை வாரினான். இரண்டு முழத்தில் மணல் கறுத்தது. சிறிது நேரத்தில் நீர் ஊறிற்று. சுவைத்தேன். இனித்தது. விஞ்ஞானம் கற்பித்தவன் நான், வெட்கமாக இருந்தது.

காரணம் எளியது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓடிப்போகாமல் மணலுக்குள் இறங்குகிறது. நன்னீர் கடல்நீரைவிட இலேசானது. ஆகவே நிலத்தடியில் உப்புநீரின்மேல் அது மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் உண்டு என்பது கணக்கு. இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். பம்பு வைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு நாற்பது அடி எழும்பும். இறைத்தவனுக்கு மட்டுமா நட்டம்? அக்கம்பக்கத்துக் கிணறுகளும், காட்டுக் குட்டைகளும், அவற்றை நம்பிய மான்களும் அதில் பங்குதாரர்கள். போதாக்குறைக்கு, காட்டுக் குதிரைகள் புல்லுக்கும் நீருக்கும் மானோடு போட்டியிடுகின்றன. சீமைக் கருவேல் புல்வெளியை விழுங்குகிறது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் எண்ணற்ற மரங்கள் சாய்ந்தன. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கின் எச்சத்தையோ 2004 ஆழிப்பேரலை கொண்டுபோய்விட்டது.

அன்று நாங்கள் புறப்படுகையில், குழியை மூடிவிடும்படி அச்சிறுவனிடம் சொன்னேன். அவன் மூடவில்லை. ஒரு பக்கத்துக் கரையை மட்டும் காலால் சரித்து, இறங்குவதற்கு வழி செய்தான்.

"மாலையில் மான் வரும், ஐயா" என்றான்.