காது நுனியில் ஒரு வெட்டு

உங்கள் தெருநாயின் காதைக் கவனித்திருக்கிறீர்களா? சில நாய்களுக்கு நுனியில் சின்ன வெட்டு இருக்கும். அது காயம் இல்லை. கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று என்பதற்கு அடையாளம்.

சென்னையில் ஒரு காலத்தில் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். பாவம், எத்தனை உயிர்கள்! அப்படியும் நாய்கள் ஒழியவில்லை. காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்துவிடும். குட்டியும் போடும். ஒழுகும் குழாயை மூடாமல் தரையைத் துடைத்த கதைதான். 1996-இல் மாநகராட்சி கருத்தடைக்கு மாறியது.

கருத்தடை செய்த நாயை அதே தெருவில் விட வேண்டும். ஆமாம், அதே தெருவில்தான். அது இருந்தால் புது நாய் எளிதில் நுழையாது. ஆகவே அதை விரட்டாதீர்கள். காதில் வெட்டு இல்லாத நாயா? சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள்.