மார்பகத்தை மீள அமைத்தல்: முன்கூட்டியே கேட்கவேண்டியவை

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் இந்தக் கதை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். எங்களுக்குள்ளேயே புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வருகிறோம்; சிலர் வராமலே விடுகிறோம். "உயிர் தப்பியதே பெரிய காரியம், இந்த வயதில் அழகு எதற்கு?" என்று வீட்டில் வாயை அடைத்துவிடுவார்கள். இது அழகுக் கதையல்ல. குளித்துவிட்டுக் கண்ணாடி பார்க்கிறவளுக்குத்தான் அது தெரியும்.

சிலிக்கன் பை வைப்பது ஒரு வழி. எங்கள் உடம்பிலிருந்தே எடுத்து அமைப்பது இன்னொரு வழி. பிள்ளை பெற்றபின் தொங்குகிறதென்று நாங்கள் திட்டித் தீர்த்த அடிவயிற்றுக் கொழுப்பு இங்கேதான் உதவுகிறது! 1980களில் வயிற்றுத் தசையையும் சேர்த்தே எடுத்தார்கள். அதனால் வயிற்றுச் சுவர் பலவீனப்பட்டது. தசையை விட்டுவிட்டுத் தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுக்கலாம் என்று 1989இல் யப்பானிய நிபுணர் கொஷிமா எழுதினார். அமெரிக்காவில் ரொபேட் அலன் 1990களின் தொடக்கத்தில் அதை மார்பகத்துக்குப் பயன்படுத்தினார். இதையே 'டீப்' முறை என்கிறார்கள்.

பூக்கன்றை வேரோடு கிளப்பி வேறிடத்தில் நடுவதுபோலத்தான். தசைக்குள்ளால் மேலேவரும் சிறு இரத்தக்குழாய்களை அறுந்துபோகாமல் பிரித்தெடுத்து, நெஞ்சில் விலாவுக்குப் பின்னால் ஓடும் குழாய்களோடு நுணுக்குக்காட்டியின் கீழ் பொருத்துவார்கள். குழாயின் அகலம் 2, 3 மில்லிமீற்றர். தைக்கும் நூல் தலைமயிரிலும் மெல்லியது. 6 முதல் 8 மணித்தியாலம் செல்லும், சிலவேளை அதற்கு மேலும். முதல் இரவு தாதிமார் மணிக்கொருதரம் நிறத்தையும் சூட்டையும் பார்ப்பார்கள். இரத்தம் உறைந்தால் உடனே திரும்பவும் தியேட்டருக்குத்தான். பழகிய கைகளில் நூற்றுக்கு 95இற்கு மேல் பிழைத்துவிடுகின்றன.

வயிற்றில் போதிய கொழுப்பு இல்லாதவர்களுக்குத் தொடையிலிருந்தோ பிட்டத்திலிருந்தோ எடுப்பார்கள்.

மறைக்காமல் சொல்லவேண்டியவையும் உண்டு. புதிய மார்பகம் பெரும்பாலும் மரத்தே இருக்கும். இடுப்பின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை தழும்பு விழும். முலைக்காம்பைப் பிறகு தனியாக அமைக்கவேண்டும். எங்கள் ஆட்களிடையே சீனி வருத்தம் அதிகம். அதை முதலில் கட்டுப்படுத்தாவிட்டால் காயம் ஆறப் பிந்தும்.

மார்பகத்தை அகற்ற நாள் குறிக்குமுன்பே இதைக் கேளுங்கள். ஒரே நேரத்தில் செய்வதென்றால் மேல்தோலைக் காப்பாற்ற இடமுண்டு. கதிர்ச் சிகிச்சை வருமென்றால் பொறுத்திருக்கச் சொல்லலாம். பல வருடம் கழித்தும் செய்யலாம். வயிறு ஒருமுறைதான் தரும். தொப்பை குறைக்கும் சத்திரசிகிச்சை ஏற்கெனவே செய்தவரிடம் அங்கிருந்து எடுக்க முடியாது. சிசேரியன் தழும்பு பொதுவாகத் தடையில்லை.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு அரச வைத்தியசேவையிலேயே இது கிடைக்கிறது. அமெரிக்காவில், மார்பகம் அகற்றும் செலவைத் தரும் காப்புறுதி இதன் செலவையும் தரவேண்டும் என 1998இல் சட்டம் வந்தது. ஊரில் இருப்பவர்கள், பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்க்கக் கடிதம் தரும்படி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள்.

வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் எங்களில் இருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள். கிளினிக்குக்குத் தனியே போகத் தயக்கமென்றால் சங்கத்தில் ஒரு சொல் சொல்லிவிடுங்கள், கூட வருகிறோம்.