கொடுக்கப் போன இடத்தில் கற்றுக்கொண்ட பாடம்

வெளிநாட்டில் சில மாதங்கள் தங்கி ஊர் சுற்றிப் பார்ப்பதோடு, அங்கே சமூகத் தொண்டும் செய்வது நல்லதா என்பது இன்று இந்த அரங்கில் நமக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. வழக்கமாக நான் கேள்வி கேட்பவள். இன்று பதில் சொல்லும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். நல்லதுதான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு என்பதே என் பதில். அதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம், வேலையிலிருந்து மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, கம்போடியாவின் சியாம் ரியாப் நகருக்குப் போனேன். கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கோர் வாட் கோயிலை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய கோயில் அது. பின்னர் பௌத்தத் தலமாயிற்று. 1992-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

ஊர் பார்ப்பதோடு ஏதாவது நல்லதும் செய்துவிட்டு வருவோமே என்று நினைத்தேன். இணையம் வழியாக ஓர் அமைப்புக்குப் பணம் கட்டினேன். அங்குள்ள ஒரு சிறுவர் இல்லத்தில் இரண்டு வாரம் ஆங்கிலம் கற்றுக்கொடுக்க அனுப்பி வைத்தார்கள். ஆசிரியர் பயிற்சி உண்டா என்று யாரும் கேட்கவில்லை. என்னிடம் இருந்தது ஊடகத் துறை டிப்ளோமா மட்டும்தான்.

*அதே பாட்டு, அதே கைகள்*

முதல் நாள் வாசலில் கால் வைத்ததும் பிள்ளைகள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். வரிசையாக நின்று ஆங்கிலத்தில் ஒரு பாட்டுப் பாடினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைப்பேசியில் எல்லாவற்றையும் பதிவு செய்தேன். ஊர் திரும்பியதும் நிகழ்ச்சியில் காட்டலாம் என்பது என் கணக்கு.

ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் என்னைவிட்டு அகலவே மாட்டான். பத்தாவது நாள்தான் தெரிந்தது, அவனுடைய தாய் உயிரோடு இருக்கிறார், பக்கத்து மாவட்டத்தில் நெல் வயலில் வேலை செய்கிறார் என்று.

கடைசி நாள் நான் விடைபெறும்போது வேறொரு வெளிநாட்டுக் குழு வண்டியில் வந்து இறங்கியது. பிள்ளைகள் ஓடினார்கள். அதே பாட்டு. அதே கைகள். அந்தச் சிறுவனும் ஓடினான். அவன் மீது கோபம் வரவில்லை. வருவதும் போவதுமாக எத்தனை அக்காமார்களை அந்தப் பிள்ளை பார்த்திருப்பான் என்று நினைத்தபோது என் மீதுதான் வெட்கம் வந்தது.

அன்று இரவு, நான் தங்கியிருந்த விடுதியின் உரிமையாளர் அம்மையாரிடம் இதைச் சொன்னேன். அவரை நான் ‘பொங்’ என்று அழைப்பேன். கெமர் மொழியில் மூத்தவர்களை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் சொன்னார்: “என் தங்கை மகனும் இப்படி ஓர் இல்லத்தில்தான் இருக்கிறான். அங்கே ஆங்கிலம் சொல்லித் தருவார்கள் என்று விட்டாள். நீங்கள் கட்டுகிற பணத்தில் பாதி அவள் கைக்கு வந்தால், பிள்ளை வீட்டிலேயே இருப்பான்.”

எனக்குப் பேச்சே எழவில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன். கம்போடிய இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதை யுனிசெஃப் பல முறை சுட்டிக்காட்டியிருக்கிறது. பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள் அல்லர் என்று 2011-லேயே அங்கே ஒரு விழிப்புணர்வு இயக்கமும் நடந்திருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் பெருகப் பெருக இல்லங்களும் பெருகுகின்றன. இல்லங்கள் பெருகினால் அவற்றை நிரப்பப் பிள்ளைகள் வேண்டுமல்லவா? நான் எடுத்த பதிவை இன்றுவரை ஒளிபரப்பவில்லை.

*நமக்குத் தெரிந்த வேலை*

மீதியிருந்த பத்து வாரத்தில் என்ன செய்தேன்? பொங்கிடமே கேட்டேன். சுற்றுலா வழிகாட்டி வேலைக்குத் தயாராகும் இளைஞர்கள் எட்டுப் பேரை விடுதி முற்றத்துக்கு வரச் சொன்னார். அவர்களுக்கு வரலாறு என்னைவிட நன்றாகத் தெரியும். கூட்டத்தின் முன் பேசத்தான் கூச்சம். மூச்சை எங்கே விடுவது, யாருடைய கண்ணைப் பார்த்துப் பேசுவது, நீண்ட வாக்கியத்தை எப்படி உடைப்பது என்பவை எனக்குத் தெரிந்த வேலை. மாலைதோறும் ஒரு மணி நேரம் பயிற்சி செய்தோம்.

பதிலுக்கு அவர்கள் எனக்குக் கோயில் காட்டினார்கள். அங்கோர் வாட்டின் கிழக்குப் பிரகாரத்தில் பாற்கடல் கடையும் சிற்பம் 49 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. வாசுகியை ஒரு பக்கம் அசுரர்களும் மறுபக்கம் தேவர்களும் பிடித்து இழுக்கிறார்கள். பாட்டி சொன்ன கதையைக் கெமர் இளைஞன் ஒருவன் எனக்கு விளக்க, நான் தமிழ்ப் பெயர்களைச் சொல்ல, இருவரும் சிரித்துக்கொண்டோம்.

இன்னொன்றும் செய்தேன். தா புரோம் கோயிலை 1186-இல் எழுப்பிய ஏழாம் ஜெயவர்மன், நாடெங்கும் 102 மருத்துவமனைகளை நடத்தியதாக அக்கோயில் கல்வெட்டு சொல்கிறது. சியாம் ரியாப்பில் அந்த மன்னர் பெயரிலேயே 1999 முதல் ஒரு குழந்தைகள் மருத்துவமனை இயங்குகிறது. கந்தா போபா அறக்கட்டளையைச் சேர்ந்தது. நிறுவியவர் பியாட் ரிக்னர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர். 2018-இல் மறைந்தார். சிகிச்சை முழுவதும் இலவசம். அங்கோர் நுழைவுச் சீட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு டாலரை அந்த அறக்கட்டளைக்கு ஒதுக்கும் ஏற்பாடு 2017-இல் தொடங்கியது. அவ்வாண்டு மழைக்காலத்தில் டிங்கி காய்ச்சல் கடுமையாகப் பரவியிருந்தது. அங்கே போய் ஒரு பை இரத்தம் கொடுத்தேன். யாரும் பாட்டுப் பாடவில்லை. படம் எடுக்கவில்லை. ஆனால் ஏதோ ஒரு பிள்ளைக்கு அது பயன்பட்டிருக்கும்.

நேயர்களே, ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் போகிறவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் ஊரில் இந்த வேலையைப் பயிற்சி இல்லாமல் செய்ய என்னை விடுவார்களா? நான் போன பிறகு இதை யார் தொடர்வார்கள்? இது அவர்கள் கேட்டதா, நான் கொடுக்க விரும்பியதா?

வெளிநாடு போகாதவர்களுக்கும் இது பொருந்தும். பிறந்தநாள் என்றாலும் தீபாவளி என்றாலும் நம்மில் பலர் கேக்கும் பலகாரமுமாக அன்பு இல்லங்களுக்குப் போகிறோம். பிள்ளைகளை நிற்கவைத்துப் படம் எடுக்கிறோம். மறுநாள் அவர்கள் நினைவு நமக்கு இருப்பதில்லை. அடுத்த முறை போவதற்கு முன், இல்லப் பொறுப்பாளரிடம் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேளுங்கள்: “உங்களுக்கு உண்மையிலேயே என்ன தேவை?” பள்ளிப் பேருந்துக் கட்டணம் என்பார்கள், கணிதம் சொல்லிக்கொடுக்க வாரம் தவறாமல் வரும் ஒருவர் வேண்டும் என்பார்கள். ஒரு பிள்ளையின் தாய்க்கு நிலையான வேலை கிடைத்தால் பிள்ளை வீட்டுக்கே போய்விடும் என்றும் சொல்லலாம். அதைச் செய்யுங்கள்.

அந்தச் சிறுவனின் பெயர் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதைப் பொது மேடையில் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பதையும் கற்றுக்கொண்டேன். அவன் இந்நேரம் தாயோடு இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.