எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு

இன்றைய பயணம் மட்டக்களப்பு வாவியில். கப்பல் பயணத்தில் உள்ள சின்னச் சின்னச் சுகங்களும் எரிச்சல்களும் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். கப்பலே வராத ஊரில் கப்பலைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நமது தீவுக்கு வந்து போனது. அம்பாந்தோட்டையிலிருந்து திருகோணமலைக்குக் கடலால் போகிறவர்கள் மட்டக்களப்பைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆனால் இங்கே நிற்க முடியாது. வாவி கடலோடு கலக்கிற முகத்துவாரத்தில் மணல்திட்டு. மாரியில் வெள்ளம் பெருகினால் அது உடையும், அல்லது ஆட்கள் வெட்டிவிடுவார்கள். கோடையில் மறுபடி மூடிக்கொள்ளும். இந்த வாசலுக்குள் பெரிய கப்பல் நுழைவது நடக்காத காரியம்.

இருந்தும் ஒரு காலத்தில் மட்டக்களப்புக்குக் கப்பல் வந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் லேடி கோர்டன், லேடி ஹவ்லொக் என்று நீராவிக் கப்பல்கள் கொழும்பிலிருந்து புறப்பட்டுத் தீவைச் சுற்றி ஓடின. தேசாதிபதிமாரின் மனைவிமார் பெயர்கள். வழியில் மட்டக்களப்பும் ஒரு தரிப்பு. கப்பல் வெளியே ஆழத்தில் நங்கூரம் போடும். ஆட்களும் பெட்டிகளும் வள்ளத்தில் இறங்கி, முகத்துவாரத்து அலையில் ஆடி ஆடி வாவிக்குள் வந்து சேரவேண்டும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அந்த இறக்கம் எப்படி இருந்திருக்கும் என்று கடற்கரையில் நிற்கிற எவருக்கும் விளங்கும். 1928இல் ரயில் மட்டக்களப்புக்கு வந்தது. அதன்பிறகு கப்பலை யார் தேடினார்கள்?

ஒரு பெரிய கப்பல் இந்தக் கடலிலேயே தங்கிவிட்டது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்டு மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மஸ். முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. சுழியோடிகள் தேடிவந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இனி வாவிக்கு வருவோம். வடக்கே பன்குடாவெளிப் பக்கமிருந்து தெற்கே கல்முனை வரை, ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை. அங்கே கடற்கரை, பெரிய வீதி, ஆசுபத்திரி, பட்டணம். சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. அங்கே வயல், மாடு, தயிர், பழைய கோயில்கள். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர். இந்தத் தண்ணீரைக் கடக்கப் பாலம் இல்லாத இடங்களில் ஓடுவதுதான் பாதை. மிதவைகளின் மேல் இரும்புத் தட்டு, சுற்றிக் கம்பி வேலி, தள்ளிச்செல்ல ஒரு எஞ்சின். மட்டக்களப்பாரின் உல்லாசக் கப்பல் இதுதான்.

குருமண்வெளித் துறைக்கு வாருங்கள். அக்கரையில் மண்டூர். பாதை அங்கே நிற்கிறது, நாங்கள் இங்கே நிற்கிறோம். அது புறப்படுகிறதா, ஆள் சேர்கிறதா என்று கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்க்கிறோம். துறையடிக் கடையில் ஒரு பிளேன்ரீ குடிக்கலாம். குடித்து முடிவதற்குள் பாதை வந்துவிட்டால் கிளாசை வைத்துவிட்டு ஓடவேண்டும். ஆறுதலாக உட்கார்ந்து குடித்தாலோ, அது வரவே வராது.

வந்து கரை தட்டியதும் முதலில் மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டு இறங்கும். பிறகு சைக்கிள், பிறகு தயிர் முட்டிகளைக் கட்டிய வண்டி, பிறகு பள்ளிப் பிள்ளைகள். இறங்கி முடியுமுன் இந்தப் பக்கத்தார் ஏறத் தொடங்கிவிடுவார்கள். நிறைந்ததும் ஒரு குரல்: "தம்பி, மறுகா வாற பாதையில ஏறுங்க." அதற்கு மேல் பேச்சில்லை. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பேதம் அங்கே கிடையாது. ஆசிரியை, வயற்காரர், நெல்மூட்டை எல்லாருக்கும் ஒரே தட்டு, ஒரே வெயில்.

புறப்பட்ட பிறகு வருகிற சுகம் வேறு. எஞ்சின் சத்தத்தையும் மீறிக் காற்று காதில் அடிக்கும். தூரத்தில் தனித் தோணியில் ஒருவர் நின்றபடி வலை வீசுவார். வலை வட்டமாக விரிந்து விழும். கரையோரம் கண்டல் மரங்கள் வேரைத் தண்ணீரில் ஊன்றி நிற்கும். நீர்க்காகம் ஒன்று கம்பில் இருந்து சிறகை விரித்துக் காயவைக்கும். பக்கத்தில் நிற்கிறவர் எந்த ஊர், யாருடைய ஆள் என்று விசாரிக்கத் தொடங்கி, அக்கரை வருமுன் உங்களுக்கு ஒரு சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிடுவார்.

எரிச்சலும் இருக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று கிளம்பினால் பாதை நேரே போகாது, பக்கவாட்டில் தள்ளுப்படும். மாரியில் ஆற்றுவாழை கூட்டங்கூட்டமாக மிதந்துவந்து துறையை அடைத்துக்கொள்ளும். எஞ்சின் பழுதானால் அன்றைக்கு எல்லோரும் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றவேண்டும். மண்டூர் முருகன் கோயில் திருவிழாவில் எழுவான்கரைச் சனம் அக்கரைக்குப் போகப் புறப்பட்டால் துறையில் நிற்கவும் இடமிருக்காது.

கோளாறுகளைக் கேட்டால் பெரிய கப்பலிலும் இதே பாட்டுத்தான். ஏறுவதற்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, துறைமுகத்தில் இறங்க வரிசை. இறங்கி ஊரைப் பார்க்கச் சில மணி நேரம். பிந்தினால் கப்பல் போய்விடும் என்ற பதற்றம். ஆனால் ஒரு வித்தியாசம். அந்த எரிச்சலை அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மண்டூர்க்காரர் அதை ஒவ்வொரு நாளும் சும்மா அனுபவிக்கிறார். இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை இக்கரையில் இருக்கிறது. அந்த நேரத்தில் நிலாவும் தென்றலும் யாருக்கு வேண்டும்?

நிலா என்றதும் பாடும் மீன் நினைவு வரும். மீன்பாடும் தேன்நாடு என்றுதானே மட்டக்களப்புக்குப் பெயர்! 1848 செப்டம்பரில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற் இந்த வாவியில் இரவில் வள்ளத்தில் போய் அந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்தார். பாடுவது மீனல்ல, ஊரி என்ற ஓட்டு நத்தை என்று மீனவர்கள் அவருக்குச் சொன்னார்களாம். பின்னாளில் அருட்தந்தை லாங் என்ற இயேசு சபைக் குரு அதை ஒலிப்பதிவு செய்தார். இலங்கை வானொலியும் அதை ஒலிபரப்பியது. யாழ்நூல் எழுதிய சுவாமி விபுலாநந்தர் இந்த ஒலியை நீரரமகளிரின் இசையாகப் பாடினார்.

கேட்க ஆசைப்பட்டால் முழுநிலா நாளில், காற்று ஓய்ந்த நேரத்தில், கல்லடிப் பாலத்தருகே தோணியில் போகவேண்டும். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்பது வழக்கம். கேட்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். பாலத்தில் லொறி போகிற சத்தம் கட்டாயம் கேட்கும். 1920களில் கட்டிய இரும்புப் பாலத்துக்கும் ஒரு தேசாதிபதியின் மனைவியின் பெயர்தான், லேடி மனிங். அதற்குப் பக்கத்தில் 2013இல் புதுப் பாலம் திறந்தார்கள். போக்குவரத்துக் கூடியது, மீனின் கச்சேரிக்குச் சபை அமைதி குறைந்தது.

மண்முனைத்துறையிலும் முன்பு பாதைதான் ஓடியது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் கோயில் தேரோட்டத்துக்கு அதில் நெருக்கியடித்துப் போனவர்கள் இன்றும் அந்தக் கதையைச் சிரித்துச் சொல்வார்கள். 2014இல் ஜப்பான் உதவியோடு அங்கே பாலம் வந்தது. பாதையை நினைத்துப் பெருமூச்சு விடுகிற ஒரு மண்முனையாரை நான் சந்தித்ததில்லை. பாதை நின்றுபோனால் நமக்கு ஒரு உல்லாசம் குறையும், ஊராருக்கு ஒரு கவலை குறையும். இந்தக் கணக்கில் நான் ஊரார் பக்கம். குருமண்வெளியிலும் பாலம் வரவேண்டும்.

அதுவரை வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாரி மாதங்களைத் தவிர்த்து, பங்குனிக்குப் பிறகு வாருங்கள். பட்டணத்தில் வள்ளம் அமர்த்தி 1913இல் கட்டிய பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் போகிறவர்கள், உயிர்காப்பு அங்கி தராத வள்ளத்தில் ஏறாதீர்கள். சாப்பாடு சுற்றிய பொலித்தீனை வாவியில் போடாதீர்கள். பாதையில் ஏறும்போது நோயாளியும் பள்ளிப் பிள்ளையும் நின்றால் இடத்தை விட்டுக்கொடுங்கள். உங்களுக்கு அது பொழுதுபோக்கு, நீங்கள் மறுகா வாற பாதையில் போகலாம்.