மேடையில் குறை சொன்ன விருந்தாளி
(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நான் கடை வைத்திருப்பவன். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்ததோடு சரி, பேச்சுப் பயிற்சி கிடையாது. ஆனாலும் செயற்குழுவில் இன்னும் முடிவாகாத ஒரு விஷயத்தை உங்கள் முன் வைக்க ஆசைப்படுகிறேன்.

சென்ற ஆண்டு பரிசளிப்பு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் மேடையிலேயே ஒரு கேள்வி கேட்டார். "நன்றாகத் தேறிய பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறீர்கள், சந்தோஷம். எஸ்.பி.எம். எழுதாமலே வேலைக்குப் போய்விட்ட பையன்கள் எத்தனை பேர் என்ற கணக்கு உங்களிடம் இருக்கிறதா?" மண்டபம் அமைதியாகிவிட்டது. நன்கொடை தந்தவர்கள் சிலருக்கு மனம் வருந்தியது. அதற்குப் பிறகுதான், இனி அழைக்கும் பேச்சாளர்களிடம் உரையை முன்கூட்டியே எழுதி வாங்கிப் பார்க்க வேண்டும் என்ற யோசனை வந்தது.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1916 பிப்ரவரியில் காசியில், மதன் மோகன் மாளவியா அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த இந்துப் பல்கலைக்கழகத்துக்கு வைஸ்ராய் ஹார்டிஞ்சு பிரபு அடிக்கல் நாட்டினார். அதையொட்டி நடந்த கூட்டங்களில் ஒன்றில் காந்தி பேசினார். தென்னாப்பிரிக்காவிலிருந்து அவர் திரும்பி ஓராண்டுதான் ஆகியிருந்தது. தலைமை வகித்தவர் தர்பங்கா மகாராஜா. மேடையில் நகைகள் மின்ன மன்னர்கள் அமர்ந்திருந்தார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்தவர்களும் அவர்களைப் போன்றவர்கள்தான்.

காந்தி வாழ்த்திவிட்டு உட்காரவில்லை. சொந்த நாட்டில் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருப்பது வெட்கம் என்றார். விசுவநாதர் கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளின் அசுத்தத்தைச் சொன்னார். மன்னர்கள் அந்த நகைகளைக் கழற்றி மக்களுக்காக வைத்தால்தான் நாட்டுக்கு விமோசனம் என்றார். பெரிய மாளிகைகள் எழுவது உழவர்களிடமிருந்து வந்த பணத்தில்தான் என்றும் சொன்னார். வெடிகுண்டு இளைஞர்களைப் பற்றிப் பேச்சு திரும்பியபோது அன்னி பெசன்ட் அம்மையார் நிறுத்தச் சொன்னார். காந்தி தலைவரைப் பார்த்து, நீங்கள் உத்தரவிட்டால் நிறுத்திவிடுகிறேன் என்றார். கூட்டமோ, பேசுங்கள் பேசுங்கள் என்று குரல் கொடுத்தது. விளக்கிப் பேசுங்கள் என்று தலைவர் விட்டார். ஆனால் கடைசியில் மன்னர்கள் எழுந்து போனார்கள், தலைவரும் போனார், உரை பாதியில் நின்றது.

அம்மையாரை நாம் குறை சொல்லத் தேவையில்லை. ரகசியப் போலீஸ் அதிகாரி என்று தாம் நினைத்த ஒருவர், பேச்சு முழுவதும் எழுதப்பட்டு மேலிடத்துக்குப் போகிறது என்று சொன்னதைக் கேட்டுப் பயந்ததாகப் பிறகு விளக்கினார். சங்கம் நடத்துகிறவர்களுக்கு இந்தப் பயம் புரியும். பணம் கொடுப்பவர் கோபித்துக்கொள்வார், அரசாங்கம் என்ன நினைக்கும் என்ற கவலை நமக்கும் உண்டு.

ஆனால் நடந்ததைப் பாருங்கள். பேச்சு நின்றதே தவிர, செய்தி நிற்கவில்லை. பத்திரிகையில் அதைப் படித்த ஓர் இளைஞர் காந்திக்குக் கடிதம் எழுதி, அதே ஆண்டு ஜூனில் அவரது ஆசிரமத்துக்கே போய்ச் சேர்ந்தார். அவர்தான் வினோபா பாவே.

அந்தப் பல்கலைக்கழகமும் இடிந்துவிடவில்லை. 1942 ஜனவரியில் அதன் வெள்ளிவிழா நடந்தது. மாளவியா முதுமையில் இருந்தார், துணைவேந்தர் ராதாகிருஷ்ணன். சிறப்புரைக்கு அழைக்கப்பட்டவர் அதே காந்தி! அவர் இந்துஸ்தானியில் பேசினார், இங்கே எல்லாரும் ஆங்கிலத்திலேயே பேசுகிறீர்களே என்று மறுபடியும் குறை சொன்னார். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் சங்கடப்படுத்திய விருந்தாளியை விழாவுக்குத் திரும்ப அழைத்தார்களே, அந்த மனசைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கடையில் நான் தினமும் பார்ப்பது இதுதான். அரிசி சரியில்லை என்று சத்தம் போடும் வாடிக்கையாளர் அடுத்த வாரமும் வருவார். ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போகிறவர்தான் கூலாய்க்குப் போய் வாங்குவார். வாயைத் திறந்து குறை சொல்கிறவர் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை என்று அர்த்தம்.

ஆகவே என் கருத்து இது. அழைப்புக் கடிதத்தில் தலைப்பையும் நேரத்தையும் தெளிவாகச் சொல்வோம், உரையை வாங்கித் திருத்த வேண்டாம். பேசும்போது இடையில் மறிக்க வேண்டாம். அவர் சொன்ன விவரம் தவறானால் தலைவர் முடிவுரையில் மரியாதையாகச் சரியான விவரத்தைச் சொல்லட்டும். சரியானால், கவனிக்கிறோம் என்று சொல்லி நன்றி கூறட்டும். பிறகு அந்தக் கேள்வியைக் கூட்டக் குறிப்பில் எழுதி, அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் பதில் சொல்வோம். நன்கொடையாளர் வருந்தினால் நிர்வாகிகள் வீட்டுக்குப் போய்ப் பேசட்டும். அது நம் வேலை, விருந்தாளியின் வேலை அல்ல.

அந்த விருந்தினர் கேட்ட கணக்கு இன்னும் நம் பதிவேட்டில் இல்லை. பண்டார் தெங்காராவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் நம் குடும்பங்கள் எத்தனை என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு தாமான் எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். என் கடை இருக்கும் வரிசைக்கும் அதன் பின்னாலுள்ள தாமானுக்கும் நான் பொறுப்பு ஏற்கிறேன். பட்டியல் தயாரானதும் அதே விருந்தினரை மறுபடி அழைத்து அவர் முன்னிலையில் வாசிப்போம்.

ஐம்பது ஆண்டுகள் இந்தச் சங்கத்தைத் தூக்கி நிறுத்திய பெரியவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக.