கிரண்காவ்: ஆலை வாயிலுக்கு வெளியே

(நெருளில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளி வர்க்கத்தின் வரலாறு, கட்சி வகுப்புகளில் பெரும்பாலும் வேலைநிறுத்தங்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. 1908, 1928, 1974, 1982 என்று ஆண்டுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. 1908 ஜூலையில் திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டபோது ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாட்கள் வேலையை நிறுத்தியதும், லெனின் அதை உடனே கவனித்து எழுதியதும் தோழர்கள் பலமுறை கேட்டவை. அந்த ஆண்டுகளுக்கு இடைப்பட்ட சாதாரண நாட்களில் அந்தத் தொழிலாளி எங்கே உறங்கினார், யார் சமைத்த உணவை உண்டார், இரவில் யாரோடு அமர்ந்து பாடினார் என்பவை அவ்வளவாகக் கேட்கப்படாத கேள்விகள். 1928இல் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் ஆறு மாதங்கள் கூலியின்றி உறுதியாக நின்றார்கள். அப்படி நிற்பதற்கான அடித்தளம் வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று போடப்பட்டதன்று.

பம்பாயின் முதல் பஞ்சாலை நிறுவனத்தை காவஸ்ஜி தாவர் 1854இல் தொடங்கினார். தார்தேவில் அது இயங்கத் தொடங்கியது 1856இல். பிறகு ஐம்பது அறுபது ஆண்டுகளில் பைகுலா, லால்பாக், பரேல், வொர்லி, சிவ்ரி, நய்காவ் வரை புகைபோக்கிகள் நிறைந்தன. கிர்ணி என்றால் மராத்தியில் ஆலை. ஆலைகளின் ஊர் என்ற பொருளில் அந்தப் பகுதி கிரண்காவ் எனப் பெயர் பெற்றது. அங்கே வேலைக்கு வந்தவர்களில் பெரும்பான்மையினர் கொங்கணத்தின் ரத்னகிரி, மலைக்கு அப்பாலுள்ள சதாரா, கோலாப்பூர் ஆகிய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஊரில் துண்டு நிலம் இருக்கும்; அது குடும்பத்துக்குப் போதாது. ஆண் பம்பாய்க்கு வந்து மணியார்டர் அனுப்புவார்; மனைவி ஊரில் நிலத்தையும் முதியவர்களையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார். ஆலை முதலாளி குறைந்த கூலி கொடுத்துத் தப்பித்துக்கொள்ள முடிந்ததற்கு ஊரிலிருந்த இந்தப் பெண்ணின் உழைப்பும் ஒரு காரணம். ஒரு குடும்பத்தை வாழவைக்கும் செலவில் ஒரு பகுதியை அவள் வயலில் ஈடுகட்டினாள். ஆலையின் கணக்கில் அது ஏறவில்லை.

தனியாக வந்த ஆண்கள் ஊர் வாரியாகச் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். அதற்குக் காளா என்று பெயர். ஒரே ஊர்க்காரர்கள் இருபது முப்பது பேர் ஒரே அறையில் இருப்பார்கள். பகல் ஷிப்டுக்காரர் எழுந்து போன இடத்தில் இரவு ஷிப்டுக்காரர் வந்து படுப்பார். பெட்டிகள் சுவரோரம், துணிகள் கொடியில். கோடையில் படிக்கட்டிலும் நடைபாதையிலும் படுத்தார்கள். ஊரில் பள்ளியோ கோயிலோ கட்டவும், செத்தவரின் காரியத்துக்கும், வேலையிழந்தவரின் சாப்பாட்டுக்கும் காளாவில் மாதந்தோறும் பணம் சேர்த்தார்கள். குடும்பத்தோடு வந்தவர்களுக்குச் சால் எனப்படும் தொடர்குடியிருப்புகள். 1920களில் அரசு கட்டிய பி.டி.டி. சால்கள் வொர்லி, நய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் 207 கட்டிடங்களாக எழுந்தன. கட்டிடம் ஒன்றுக்கு 80 அறைகள். அறை ஒன்று 160 சதுர அடி. கழிப்பறை மாடிக்கு மாடி பொது. ஒரே தாழ்வாரத்தில் ஒருவர் வீட்டுக் குழம்பின் வாசனை இருபது வீடுகளுக்கும் தெரியும். சண்டையும் தெரியும்; வேலைநிறுத்தத்தின்போது இரகசியமாக ஆலைக்குப் போய்வருபவர் யார் என்பதும் தெரியும்.

இந்த வாழ்க்கையை அழகுபடுத்திப் பேச வேண்டியதில்லை. காளாவிலும் சாலிலும் ஜாபரின் கை நீண்டிருந்தது. கோவைத் தோழர்கள் மேஸ்திரி என்று சொல்வார்களே, அவர்தான் இங்கே ஜாபர். ஆள் எடுப்பவர் அவர். கையூட்டு வாங்குபவர் அவர். அறை பிடித்துத் தருவது, மளிகைக் கடையில் கடன் சொல்லித் தருவது, வட்டிக்குக் கொடுப்பது எல்லாம் அவரும் அவரைச் சார்ந்தவர்களும். நிரந்தர வேலை இல்லாத பத்லித் தொழிலாளி, காலையில் ஆலை வாயிலில் நின்று, யாராவது வராவிட்டால் உள்ளே போகலாம் என்று காத்திருப்பார். அந்த நாளின் சோறு ஜாபரின் பார்வையில் இருந்தது. 1928 மே மாதம் உருவான கிர்ணி காம்கார் யூனியன், ஆலைதோறும் கமிட்டி அமைத்து ஜாபரின் இந்த அதிகாரத்தில் கைவைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அதன் உறுப்பினர் எண்ணிக்கை ஐம்பதாயிரத்தைத் தாண்டியதற்குச் சொற்பொழிவுகள் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது.

அடுத்து கானாவள். மராத்தியில் அது சாப்பாட்டு விடுதி. பெயர்ப் பலகையோ மேசை நாற்காலியோ பெரும்பாலும் இருக்காது. கணவனை இழந்தவர், கணவனின் கூலி போதாதவர், ஆலையிலிருந்து வேலை நீக்கப்பட்டவர் எனப் பலவகைப் பெண்கள் தம் ஒற்றை அறையிலேயே பத்து இருபது ஆண்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். விடியற்காலை ஷிப்டுக்குப் போகிறவருக்கு முன்பே எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். நள்ளிரவு ஷிப்டு முடித்து வருகிறவருக்குப் பாக்ரி எடுத்து வைத்துவிட்டுத்தான் படுக்க முடியும். மாதக் கணக்கு, கூலி நாளில் பணம். சாப்பிடுகிறவர்கள் அவரை மாவ்ஷி என்று அழைத்தார்கள். தாயின் சகோதரி, தமிழில் சின்னம்மா பெரியம்மா போல. அந்த உறவுச்சொல்லில் அன்பும் இருந்தது, சௌகரியமும் இருந்தது: பெரியம்மாவிடம் கடன் சொல்லலாம் அல்லவா?

வேலைநிறுத்தம் வந்தால் கூலி நாள் வராது. மாவ்ஷியின் அடுப்பு அணையவும் முடியாது. அவர் மளிகைக் கடையில் கடன் வாங்கினார். கடைக்காரர் கைவிரித்தபோது வட்டிக்காரரிடம் போனார். 1928இல் சோவியத் தொழிற்சங்கங்களிடமிருந்து நிதி வந்தது என்று பதிவு செய்த வரலாறு, மாவ்ஷிகள் கொடுத்த கடன் எவ்வளவு என்று பதிவு செய்யவில்லை. வேலைநிறுத்தம் முடிந்து தொழிலாளி ஆலைக்குத் திரும்பிய பின்னும் அந்த வட்டி தொடர்ந்தது. கோவா விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்று, பின் பம்பாயில் தொழிற்சங்கப் பணிக்கு வந்த பிரேமா புராவ் இதைக் கண்ணெதிரே கண்டவர். 1975இல் அவர் அன்னபூர்ணா மகளிர் மண்டலியைத் தொடங்கி, கானாவள் நடத்தும் பெண்களுக்குத் தேசியமயமான வங்கிகளிலிருந்து கடன் பெற்றுத் தந்தார். சொத்து ஈடு காட்ட முடியாத பெண்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றார்கள். செங்கொடிச் சங்கம் தொடங்கி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்துத்தான் இந்தப் பெண்களுக்கென ஓர் அமைப்பு வந்தது என்பதைத் தோழர்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் கூலி பெறவில்லை, ஆகவே தொழிலாளர்களாகத் தெரியவில்லை.

ஆலைக்குள்ளே கூலி பெற்ற பெண்களும் இருந்தார்கள். 1920களில் தொழிலாளர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பெண். பெரும்பாலும் நூல் சுற்றும் பிரிவுகளில். 1929இல் பம்பாய் மகப்பேற்றுச் சலுகைச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததும், இரவு வேலைத் தடை இருந்ததும், ஆட்குறைப்பு நவீன இயந்திரங்களின் பெயரால் நடந்ததும் சேர்ந்து முதலாளிகளுக்குப் பெண்களை வெளியேற்ற வசதியாயின. 1970களில் நூற்றுக்கு நாலைந்து பேர்கூட மிஞ்சவில்லை. பார்வதிபாய் போர், உஷாதாய் டாங்கே போன்ற தலைவர்கள் பெண்களைத் திரட்டி ஆலை வாயில்களில் நின்றார்கள். ஆயினும் வெளியேற்றத்தைச் சங்கங்கள் தடுக்கவில்லை. ஆணின் கூலியைக் காப்பதே முதற்கடமை என்ற எண்ணம் சங்கத்துக்குள்ளும் இருந்தது.

மாலை நேரம் வேறு உலகம். காளாக்களில் பஜனை மண்டலிகள், சால்களின் முற்றத்தில் உடற்பயிற்சிக் கூடங்கள், கோகுலாஷ்டமிக்குத் தயிர்ப்பானை உடைத்தல், விநாயகர் விழா. இன்று நாடெங்கும் அறியப்பட்ட லால்பாக் ராஜா 1934இல் அங்காடி வியாபாரிகளும் மீனவர்களும் தொடங்கியது. தமாஷா பார்க்கத் தொழிலாளர்கள் கூட்டமாகப் போனார்கள். இந்த வடிவங்களையே செங்கொடி இயக்கம் கையில் எடுத்தது அதன் மேதைமை. அண்ணாபாவ் சாத்தே, அமர் ஷேக், கவாண்கர் மூவரும் 1944இல் லால் பாவ்டா கலாபதக்கைத் தொடங்கினார்கள். லாவணியும் போவாடாவும் பஞ்சத்தையும் கள்ளச்சந்தையையும் பேசின. அண்ணாபாவ் வாட்டேகாவில் தலித் குடும்பமொன்றில் பிறந்து, குடும்பத்தோடு நடந்தே பம்பாய் வந்தவர். ஆலையிலும் வேலை செய்தவர். அரசியல் கற்றது மாட்டுங்கா லேபர் கேம்பில். தாராவியின் விளிம்பில் திருநெல்வேலித் தோல் தொழிலாளர்களின் குடிசைகளுக்குப் பக்கத்தில் உள்ள அதே லேபர் கேம்ப்தான். கவிஞர் நாராயண் சுர்வே தெருவில் கிடந்த கைக்குழந்தை. ஓர் ஆலைத் தொழிலாளி எடுத்து வளர்த்துத் தம் பெயரைக் கொடுத்தார். நெருக்கடி நிறைந்த அறையிலும் இன்னொரு குழந்தைக்கு இடம் இருந்தது.

எல்லாருக்கும் இடம் இருந்ததா என்பதுதான் சிக்கல். நெசவுப் பிரிவில் நாடாவில் புதிய தாரைப் பொருத்தும்போது நூல்முனையை நாடாவின் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தலித் தொழிலாளி வாய் வைத்த நாடாவில் தாம் வாய் வைக்க மாட்டோம் என்று சாதி இந்து நெசவாளர்கள் மறுத்தார்கள். கூலி அதிகமான நெசவுப் பிரிவு தலித்துகளுக்கு அடைக்கப்பட்டது; குறைந்த கூலியுள்ள நூற்புப் பிரிவே அவர்களுக்கு. தண்ணீர்ப் பானையும் தனி. இதை முதலாளி மட்டும் செய்யவில்லை; கொடிபிடித்த தொழிலாளியும் செய்தார். 1928இல் அம்பேத்கர் இக்கேள்வியை வேலைநிறுத்தத் தலைவர்கள் முன் வைத்தார். அவருக்குக் கிடைத்த பதில் அரைமனதானது. 1929 வேலைநிறுத்தத்தை அவர் எதிர்த்ததை இதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. சென்னைத் தோழர்களுக்கு 1921இன் பின்னி ஆலை வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் நினைவுக்கு வரும்; அங்கும் சாதி வழியாகத்தான் ஒற்றுமை உடைந்தது. பம்பாயில் ஒரு நல்ல நாளும் இருந்தது: 1938 நவம்பர் 7. தொழில் தகராறு மசோதாவுக்கு எதிராக அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் இணைந்து ஒரு நாள் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். அந்த நாள் ஏன் தொடரவில்லை என்பது தனி வகுப்புக்கு உரியது.

1960 மே 1 அன்று மகாராஷ்டிர மாநிலம் பிறந்தது. அந்தப் போராட்டத்தின் முன்னணியில் செங்கொடி நின்றது. கிரண்காவ் அதன் கோட்டை. ஆறே ஆண்டுகளில், 1966 ஜூன் 19 அன்று, சிவசேனா தொடங்கியது. அதன் முதல் இலக்கு தென்னிந்தியர்கள். மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் இருந்த குடும்பங்களின் மூத்தவர்கள் அந்த நாட்களை மறக்கவில்லை. 1967இல் பரேலில் செங்கொடிச் சங்க அலுவலகம் தாக்கப்பட்டது. 1970 ஜூன் 5 இரவு, பரேல் தொகுதியின் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் படுகொலை செய்யப்பட்டார். இடைத்தேர்தலில் அவருடைய மனைவி சரோஜினி தேசாய் நின்றார். சிவசேனாவின் வாமன்ராவ் மகாதிக் வென்றார். சேனாவுக்கு அதுவே முதல் சட்டமன்ற இடம். முதலாளிகளின் ஆதரவும் அரசின் பாராமுகமும் இதற்குக் காரணம் என்பது சரியே. ஆனால் அது பாதி விடைதான். சங்கம் போனஸுக்கும் பஞ்சப்படிக்கும் ஆலை வாயிலில் பேசிக்கொண்டிருந்த காலத்தில், சேனாவின் கிளை சாலின் தண்ணீர்க் குழாயையும் பள்ளிச் சேர்க்கையையும் ஆம்புலன்ஸையும் விநாயகர் மண்டலியையும் கவனித்தது. மாவ்ஷியின் மகன் வேலை தேடி அலைந்தபோது, அவன் வேலையை ஒரு மதராசி பறித்துக்கொண்டான் என்று சொல்ல ஒருவர் தாழ்வாரத்திலேயே இருந்தார். அது பொய் என்று சொல்ல வேண்டியவர் கூட்டத்துக்குப் போயிருந்தார்.

1982 ஜனவரி 18 அன்று டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் இறங்கினார்கள். 1946ஆம் ஆண்டின் பம்பாய்த் தொழில் உறவுகள் சட்டம் ஒரே ஒரு சங்கத்தை மட்டும் ஏற்றுக்கொண்டது. தொழிலாளர் வெறுத்த சங்கம் அது. வீட்டுக்குள்ளே அந்த வேலைநிறுத்தம் பாத்திரக்கடையிலும் அடகுக்கடையிலும் நடந்தது. பலர் ஊருக்குத் திரும்பினார்கள். இருந்தவர்களின் மனைவியர் வீட்டுவேலைக்கும் கூடை வியாபாரத்துக்கும் இறங்கினார்கள். மூத்த பிள்ளையின் படிப்பு நின்றது. பிவண்டியின் விசைத்தறிகள் இரவு பகலாக ஓடின. வேலையற்ற இளைஞர்களில் சிலரைத் தாதாக்களின் கும்பல்கள் இழுத்துக்கொண்டன. வேலைநிறுத்தம் முறைப்படி திரும்பப் பெறப்படவே இல்லை. ஜயந்த் பவாரின் ‘அதாந்தர்’ நாடகம் இத்தகைய ஒரு குடும்பத்தைத்தான் மேடையேற்றியது.

பின்பு ஆலை போய் நிலம் மிஞ்சியது. 1991இன் விதி அந்த நிலத்தை மூன்றாகப் பிரித்து மாநகராட்சிக்கும் வீட்டுவசதிக்கும் முதலாளிக்கும் ஒவ்வொரு பங்கு என்றது. 2001இல் அதைக் காலி நிலத்துக்கு மட்டும் என்று சுருக்கினார்கள்; 2006இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பீனிக்ஸ் ஆலை வணிக வளாகமாயிற்று. தத்தா இஸ்வல்கரும் தோழர்களும் நடத்திய நெடிய போராட்டத்தால் தொழிலாளர்களுக்குக் குலுக்கல் முறையில் வீடு என்ற உரிமை கிடைத்தது. அவற்றில் ஒரு தொகுதி நெருளிலிருந்து அதிக தூரமில்லை: பன்வேல் அருகே கோன். 2016இல் குலுக்கல் நடந்தது. பெயர் வந்தவர்கள் சாவிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். கோவிட் காலத்தில் கட்டிடங்கள் தனிமைப்படுத்தும் மையமாயின. வாடகைத் திட்டத்துக்காக 160 சதுர அடியில் கட்டப்பட்ட அறைகள் அவை. இரண்டிரண்டாக இணைத்து ஒரு வீடு ஆக்கினார்கள்.

வீடு கோருவதற்கு முதல் நிபந்தனை, 1982 ஜனவரி 1 அன்று ஆலையின் மஸ்டர் ரோலில் பெயர் இருந்திருக்க வேண்டும் என்பது. தொழிலாளி இறந்திருந்தால் வாரிசு கேட்கலாம். அவருக்கு ஆண்டுக்கணக்கில் கடனுக்குச் சோறு போட்ட மாவ்ஷி எந்த மஸ்டர் ரோலிலும் இல்லை. அவர் கோருவதற்கென்று ஒரு விண்ணப்பப் படிவமும் அச்சாகவில்லை.