சிக்கனம் என்று எதைச் சொல்லுகிறார்கள்?

(மயிலாப்பூரில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் அக்டோபர் 30ந் தேதியை உலக சிக்கன நாள் என்று நம் நாட்டில் அனுஷ்டிக்கிறார்கள். 1924ல் இத்தாலியில் மிலான் நகரத்தில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாடு உண்டாக்கிய வழக்கம் அது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி நடக்கும். சிக்கனமாக இருங்கள், சிறுகச் சேமியுங்கள் என்று பெரியவர்கள் அறிக்கை விடுவார்கள். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சொல்லை யார், யாரைப் பார்த்துச் சொல்லுகிறார்கள் என்று நீங்கள் கவனித்ததுண்டா?

செலவைக் குறைப்பதற்கு நம் பாஷையில் எத்தனை சொற்கள்! சிக்கனம், செட்டு, மிச்சம் பிடித்தல், இறுக்கிப் பிடித்தல் என்று மரியாதையான சொற்கள் ஒரு பக்கம். கருமி, கஞ்சன், பிசினாறி, எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று வசவுகள் இன்னொரு பக்கம். ஜனங்கள் இவற்றை யோசித்துத்தான் உண்டாக்கியிருக்கிறார்கள். தன் வாய்க்குப் போவதைக் குறைத்துக்கொண்டால் அது சிக்கனம். பிறன் வாய்க்குப் போக வேண்டியதைக் குறைத்தால் அது கஞ்சத்தனம். தஞ்சாவூர்ப் பண்ணைகளில் குத்தகை நெல்லை வாங்க ஒரு மரக்கால், கூலி நெல்லை அளந்து போட அதைவிடச் சின்னதாக ஒரு மரக்கால் வைத்திருந்தார்கள். அதைச் சிக்கனம் என்று எந்த விவசாயத் தொழிலாளியாவது சொன்னதுண்டா? கள்ள மரக்கால் என்றுதான் சொன்னான்.

வள்ளுவருக்கும் இந்த விவரம் தெரியும். கஞ்சத்தனத்துக்கு அவர் வைத்த பெயர் இவறல். அந்தச் சொல் குற்றங்கடிதல் என்ற அதிகாரத்தில் வருகிறது. நாடாளுகிறவனிடம் இருக்கக் கூடாத குற்றங்களைச் சொல்லும் அதிகாரம் அது. கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காதிருப்பதை அரசனுடைய குற்றமாக வைத்தாரே தவிர, கூழ் குடிக்கிறவனைக் கூப்பிட்டு அவர் புத்தி சொல்லவில்லை.

உழைக்கிறவர்களின் வீட்டிலே புழங்கும் சொற்களைப் பாருங்கள். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி என்கிறோம். கையைக் கடிக்கிறது என்கிறோம். எல்லாவற்றிலும் உடம்பு இருக்கிறது. ஏனென்றால் நம்மிடம் குறைப்பதற்கு வேறொன்றும் இல்லை. பெண்கள் வைத்திருக்கும் ஒரு சொல் எனக்கு மிகவும் பிடித்தது: சிறுவாடு. புருஷனுக்கும் தெரியாமல், அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டியிலும் போட்டு வைக்கும் சில்லறைக் காசு. பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போதும், வேலை நின்றுபோகும்போதும் அந்தக் காசுதான் அடுப்பை எரியவைக்கிறது. 2021 மே மாதத்தில் நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் எடுபட்டது. அதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிஞ்சியதென்று மாநிலத் திட்டக் குழு ஆராய்ந்து சொன்னது. கண்ணகி நகரிலிருந்து அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் வீட்டு வேலைக்கு வருகிற சகோதரிக்கு 888 ரூபாய் என்பது சாமான்யமா? சிக்கனத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்து அவளிடம் அந்தப் பணத்தை உண்டாக்கியிருக்க முடியாது.

சேர்த்த பணம் எங்கே போகிறது என்று அடுத்தபடியாகப் பார்ப்போம். அதற்கு இந்த மயிலாப்பூரே சாட்சி. சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்று ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி இருந்தது. பென்ஷன் வாங்குகிறவர்கள், விதவைகள், வக்கீல்கள் எல்லோரும் நம்பிப் பணம் போட்டார்கள். கம்பெனியோ ஊக வாணிபத்தில் கையைச் சுட்டுக்கொண்டு 1906 அக்டோபர் 22ந் தேதி கதவைச் சாத்தியது. பணம் போட்டவர்கள் ஒவ்வொரு காசாக எண்ணி வாழ்ந்தவர்கள். பணத்தை விட்டவர்கள் அப்படி வாழவில்லை. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களுக்கு முழுப் பணம் கிடைக்கவில்லை. அந்த அடிக்குப் பிறகு மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியவர்கள் முயற்சி எடுத்து 1907ல் இந்தியன் பேங்கை ஆரம்பித்தார்கள். 1969ல் அது தேசவுடைமையாயிற்று.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 1872ல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனெண்ட் பண்டு ஒன்றரை நூற்றாண்டு நம்பிக்கையைச் சம்பாதித்த ஸ்தாபனம். டெபாசிட் பணம் திரும்ப வரவில்லை என்று ஜனங்கள் புகார் கொடுத்ததன் பேரில், 2024 ஆகஸ்டில் அதன் நிர்வாக இயக்குனரைப் பொருளாதாரக் குற்றப் பிரிவுப் போலீசார் கைது செய்தார்கள். குற்றம் உண்டா இல்லையா என்பதைக் கோர்ட்டு தீர்மானிக்கட்டும். வட்டியை நம்பி மருந்து வாங்கிக்கொண்டிருந்த கிழவர்களிடம் போய், நீங்கள் இன்னும் கொஞ்சம் சிக்கனமாக இருந்திருக்கலாம் என்று யாராவது சொல்ல முடியுமா?

தியாகராய நகருக்கு வாருங்கள். பெரிய பெரிய ஜவுளிக் கடைகள், விளக்கு அலங்காரம். விற்பனைக்கு நிற்கும் பெண்பிள்ளைகளுக்கு உட்கார ஒரு முக்காலி கிடையாது! காலையிலிருந்து இரவு வரை நின்று நின்று கால் வீங்கினால் வைத்தியச் செலவு அந்தப் பெண்ணுடையது. முக்காலியின் விலை கடைக்காரருக்கு மிச்சம். கேரளத்தில் 2018லும் தமிழ்நாட்டில் 2021லும் கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்கார இடம் கொடு என்று எழுத வேண்டியதாயிற்று. உட்காருவதற்கு ஒரு சட்டம்! இந்த மிச்சம் பிடித்தலுக்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

சர்க்காரிடமும் ஒரு சொல் இருக்கிறது: சிக்கன நடவடிக்கை. 2020ல் கொரோனாவைக் காரணம் காட்டி, புதிய வேலையிடங்கள் கிடையாது, பஞ்சப்படி உயர்வு கிடையாது என்று உத்தரவு வந்தது இந்தப் பெயரில்தான். மில் முதலாளிகளும் இதே பெயரை எடுத்துக்கொள்ளுகிறார்கள். இயந்திரத்துக்கு எண்ணெய் விடாமல் மிச்சம் பிடித்தால் இயந்திரம் கெடும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆளுக்குச் சோறு குறைந்தால் ஆள் கெடுவான் என்பது மட்டும் கணக்கில் வருவதில்லை.

சொல்லில் என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். காசு இருக்கிறது, தோழரே! சிக்கன நடவடிக்கை என்ற சொல்லுக்குச் சட்டத்தில் நஷ்டஈடு கிடையாது. ஆட்குறைப்பு என்ற சொல்லுக்கு உண்டு. 1947ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தில் 1953ல் சேர்த்த பகுதியின்படி, தொடர்ந்து ஒரு வருஷம் வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத நோட்டீசோ அதற்குச் சம்பளமோ கொடுக்க வேண்டியிருந்தது. வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாகக் கொண்டுவந்த 2020ம் வருஷத்துத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்த 15 நாள் கணக்கு இருக்கிறது. ஆனால் தொழிலாளி தானாக விரும்பி ஓய்வு பெற்றார் என்று எழுதிவிட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது. இருபது வருஷம் உழைத்தவனுக்கு 300 நாள் சம்பளம், ஒரு சொல் மாறியதால் போய்விடும்.

ஆகவே மானேஜர் கூப்பிட்டு, கம்பெனிக்குக் கஷ்ட காலம், சிக்கனம் செய்கிறோம், இதிலே ஒரு கையெழுத்துப் போடு என்று காகிதத்தை நீட்டினால், எழுதியிருப்பது என்ன சொல் என்று முதலில் படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் கையெழுத்துப் போடாமல், நாளைக்குச் சொல்லுகிறேன் என்று சொல்லிவிட்டுக் காகிதத்தைச் சங்க ஆபீசுக்குக் கொண்டுவாருங்கள்.